இவன் காதை மூடும் என்று கேட்டேன்

என் மகன் பிறந்தபோது அழவில்லை. நீலமாக இருந்தான். இரண்டு நர்ஸ் மிஸ்ஸிகள் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எனக்கு அவனுடைய ஒரு கால் மட்டும்தான் தெரிந்தது.

இதே சாட்சியை ஐந்து வருடத்துக்கு முன்னால் நம் சபையின் ஸ்தோத்திரக் கூட்டத்தில் நின்று சொல்லியிருக்கிறேன். எல்லாரும் கை தட்டினீர்கள். அன்றைக்கு நான் சொன்னது முழுவதும் பொய் இல்லை. ஆனால் பாதிதான். மீதியைச் சொல்ல இப்போது ஒரு காரணம் வந்திருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். சபைப் பத்திரிகையில் போடுவதும் போடாததும் பாஸ்டர் இஷ்டம். வெட்டிப் போடுவதாக இருந்தால் போடவே வேண்டாம்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: என் பெயர் ரூபி. ரந்தாவ் டவுன் பக்கத்தில் ஒரு செம்பனை எஸ்டேட்டில், லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் சேகர் செம்பனைப் பழத்தை மில்லுக்கு ஏற்றிப்போகும் லோரி ஓட்டுகிறார். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத்தான் எனக்குக் குழந்தை உண்டானது. சபையில் மைக் கெட்டுப்போனால் யாரும் கவலைப்பட மாட்டீர்கள், ரூபி இருக்கிறாளே என்பீர்கள். என் குரல் அப்படி. நான் ஜெபிக்க ஆரம்பித்தால் அடுத்த லயத்து நாய் எழுந்து போய்விடுகிறது என்று சேகர் கேலி பண்ணுவார். எனக்கு அதில் பெருமைதான். சத்தமாக ஜெபித்தால்தான் அது ஜெபம் என்று வளர்ந்தவள் நான். வாய்க்குள் முணுமுணுக்கிறவர்களைப் பார்த்தால் இவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று மனதுக்குள் நினைப்பேன்.

பிள்ளை பிறக்க வேண்டிய நாள் தாண்டிப் போயிற்று. வலி வரவில்லை. கிளினிக்கில் என் கார்டைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் போய் அட்மிட் ஆகிவிடு, அதற்கு மேல் உள்ளே வைத்திருக்கக் கூடாது, வலி வரவைத்து எடுத்துவிடுவார்கள் என்று சொன்னார்கள். அந்த வெள்ளிக்கிழமைதான் நம் சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம் ஆரம்பம். பாட்டு நடத்த வேண்டியவள் நான். என் நாத்தனார் எஸ்தர் அக்காதான் ஜெபத்துக்குப் பொறுப்பு.

“மருந்து ஏத்தி வலி வரவைக்கிறதா? கர்த்தரோட வேளை வந்தா தானா வரும்லா. மூணு நாளுதானே,” என்றார் எஸ்தர் அக்கா.

சொன்னது அவர். முடிவு பண்ணியது நான். இத்தனை வருடமும் அவர்மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன், அதனால் இதைத் தெளிவாக எழுதுகிறேன். சேகர் லோரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். “போயிட்டு வந்துருவோம் ரூபி,” என்று இரண்டு தடவை சொன்னார். விசுவாசம் இல்லாத மனுஷன் என்று அவரைத் திட்டி அனுப்பினேன்.

வெள்ளி போயிற்று. சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து வயிற்றில் அசைவு குறைந்தது. ஞாயிறு ஆராதனையில் நான் உச்சக் குரலில் பாடிக்கொண்டிருந்தபோது அவன் அசையவே இல்லை. தேவ சமுகத்தில் பிள்ளை எவ்வளவு அமைதியாக இருக்கிறான் பாருங்கள் என்று பக்கத்தில் நின்றவர்களிடம் வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

திங்கள் காலை தண்ணீர் உடைந்தது. பச்சையாக இருந்தது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. அரை மணி நேரத்துக்குள் வயிற்றைக் கிழித்து எடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் குழந்தைகள் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கவிதா என்று ஒரு டாக்டர், நம் தமிழ்ப் பிள்ளைதான், வயது முப்பதுகூட இருக்காது. ஒரு ஆஸ்பத்திரி ஃபாரத்தின் பின்பக்கத்தில் பேனாவால் படம் போட்டுக் காட்டினார்.

“அக்கா, வயித்துக்குள்ள இருக்கறப்ப பிள்ளைக்கு நுரையீரல் வேலை செய்யாது. ஆக்சிஜன் உங்க ரத்தத்திலேருந்து கொடி வழியா வந்துரும். அதனால ரத்தம் நுரையீரலுக்குள்ள போகாம குறுக்கு வழியில போயிரும். இதயத்துக்குள்ள ஒரு சின்ன வாசல், வெளிய ஒரு சின்னக் குழாய். எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான். பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் நுரையீரல் விரியும். அங்க இறுகிக் கிடக்கற ரத்தக் குழாய் எல்லாம் தளரும். ரத்தம் உள்ள பாயும். அப்புறம் குறுக்கு வழி மூடிக்கும்.”

“இவனுக்கு?” என்று கேட்டேன்.

“இவனுக்குத் தளரலக்கா. உள்ளயே மலம் போயி, அந்தத் தண்ணிய மூச்சுல இழுத்திருக்கான். நுரையீரல் குழாய் எல்லாம் இறுகியே இருக்கு. மெஷின் மூச்சு குடுக்குது, ஆனா ரத்தம் நுரையீரலுக்குப் போகாம பழைய வழியிலயே ஓடுது. வெளிய வந்துட்டான், அவன் ரத்தத்துக்கு அது இன்னும் தெரியல.”

பிறகு என் கார்டைப் புரட்டினார். எப்போது அட்மிட் ஆகச் சொன்னார்கள் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன். அதை எழுதிக்கொண்டார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அவன் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். வாயில் குழாய், தொப்புளில் குழாய். மெஷின் அவன் நெஞ்சை அதிரவைத்துக்கொண்டே இருந்தது. அசையாமல் இருக்க மருந்து கொடுத்திருந்தார்கள். கண் திறக்கவில்லை. இரண்டு காதிலும் பஞ்சு வைத்த மூடி ஒட்டியிருந்தார்கள். டாக்டர் கவிதா என் காதருகே குனிந்து சொன்னார்: “தொடாதீங்கக்கா. சத்தமும் வேணாம். தொட்டாலே, சத்தம் கேட்டாலே இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு அந்தக் குழாய் இன்னும் இறுகிரும்.”

பெட்டிக்கு மேலே ஒரு மெஷினில் ஒரு எண் ஓடிக்கொண்டிருந்தது. அவன் ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பதைக் காட்டும் எண். தொண்ணூறுக்கு மேல் இருக்க வேண்டுமாம். அன்றைக்கு எண்பத்தாறு.

இனிமேல் எழுதப்போவதைத்தான் அன்றைய சாட்சியில் நான் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை எஸ்தர் அக்கா அபிஷேக எண்ணெயோடு வந்தார். பெற்றோர் மட்டும்தான் உள்ளே போகலாம். ஜெபம் பண்ண வந்திருக்கிறார், ஐந்தே நிமிடம் என்று நான் கெஞ்சியதால் வயதான மலாய் மிஸ்ஸி ஒருவர் விட்டார். உதட்டில் விரலை வைத்துக் காட்டித்தான் விட்டார். முதல் இரண்டு வாக்கியம் முணுமுணுப்பாகத்தான் இருந்தது. எஸ்தர் அக்கா பெட்டியின் துவாரத்துக்குள் கையை விட்டு அவன் நெற்றியில் எண்ணெய் தடவினார். நானும் கையை விட்டு அவன் தலையைத் தொட்டேன். அதுதான் முதல் முறை. உள்ளங்கைக்கு அடங்கிய தலை. சூடாக இருந்தது. அதற்குப் பிறகு என் குரல் என் கையில் இல்லை. சபையில் எழும்புவது போலவே எழும்பியது.

எண் எழுபத்துநாலு ஆயிற்று. பிறகு அறுபது. மெஷின் அலற ஆரம்பித்தது.

அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. சாத்தான் எதிர்த்து நிற்கிறான் என்று நினைத்தேன். அப்படித்தானே நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. மெஷின் கத்தக் கத்த நான் அதைவிடச் சத்தமாகக் கத்தினேன். எண் நாற்பத்தொன்று. மகன் சாம்பல் நிறமாகிவிட்டான். மிஸ்ஸி ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தார். “கெலுவார், கெலுவார்,” வெளியே போங்கள் என்று எங்கள் இரண்டு பேரையும் வாசலுக்குத் தள்ளினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். நாலு பேர் அவனைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். என் விரலில் எண்ணெய் ஒட்டியிருந்தது.

ரொம்ப நேரம் கழித்து டாக்டர் கவிதா வெளியே வந்தார். முகமெல்லாம் வியர்வை. “சாமி கும்பிட வேணாம்னு சொல்லலக்கா,” என்றார். “அவன் பக்கத்துல வேணாம். உங்க சாமிக்கு அங்கிருந்து சொன்னாலும் கேக்கும்தானே.” அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை.

எஸ்தர் அக்கா மாடிப்படியில் நின்றிருந்த சேகரிடம் போய், “பேரு வெச்சிருங்க தம்பி. பேரு இல்லாம அடக்கம் பண்ணக் கூடாது,” என்றார். நான் கேட்கும்படிதான் சொன்னார். அன்று சாயங்காலம் நாங்கள் அவனுக்கு ஜோயல் என்று பெயர் வைத்தோம். ஒரு பிள்ளைக்குப் பெயர் எதற்காக வைப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

புதன்கிழமை எண் எழுபதைத் தாண்டவில்லை. குழாய்களைத் தளரவைக்க மூச்சோடு ஒரு வாயுவைக் கலந்து கொடுக்கிறோம், நாளைக்குள் கேட்கவில்லை என்றால் எங்கள் கையில் வேறு எதுவும் இல்லை என்று பெரிய டாக்டர் வந்து சொன்னார். என்னைக் கண்ணாடிக்கு வெளியே நிற்க விட்டார்கள். அந்த மலாய் மிஸ்ஸி என்னைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டில் விரலை வைத்தார்.

ஜெபிக்க வேண்டும். எனக்குச் சத்தமில்லாமல் ஜெபிக்கத் தெரியாது. முப்பத்திரண்டு வயதில், சபையில் பாட்டு நடத்துகிறவளுக்கு, வாயை மூடிக்கொண்டு கடவுளிடம் ஒரு வார்த்தை பேசத் தெரியவில்லை. நினைத்தாலே குரல் எழும்பப் பார்த்தது. சால்வையின் நுனியைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டேன். அவன் காதில் இருந்த அந்தப் பஞ்சு மூடியையே பார்த்துக்கொண்டு கேட்டேன். கேட்ட வார்த்தைகள் ஒன்றுகூட மாறாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கர்த்தாவே, இவன் காதை மூடும். என் சத்தம் இவனைத் தொட வேண்டாம். யார் சத்தமும் தொட வேண்டாம். உயிரை மட்டும் விட்டுவையும்.

இதையேதான் அன்று முழுவதும் கேட்டேன். வேறு ஒரு வசனமும் வரவில்லை. தையல் போட்ட வயிறு வலித்தது. உட்காரவில்லை. உட்கார்ந்தால் கண்ணாடி வழியாகத் தெரியாது.

வியாழன் மத்தியானம் எண் எழுபத்தொன்பது. நான் நம்பவில்லை. பிறகு எண்பத்தைந்து. தொண்ணூற்றொன்று. டாக்டர் கவிதா நெஞ்சை ஸ்கேன் பண்ணிப் பார்த்துவிட்டு வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். “தளர ஆரம்பிச்சிருச்சுக்கா. ரத்தம் நுரையீரலுக்குள்ள போகுது.” சேகர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சால்வையை வாயிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் கத்திவிடுவேன் என்று பயம்.

அடுத்த வாரம் என்னைத் தொட விட்டார்கள். என்னை வெளியே தள்ளிய அதே மிஸ்ஸிதான் கூட்டிக்கொண்டு போனார். என் கையைப் பிடித்து அவன் பாதத்தின்மேல் வைத்தார். நான் தடவப் போனேன். “தடவாதே, சும்மா வை,” என்று மலாயில் சொல்லி, என் கையின்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார். அப்படியே அசையாமல் இருந்தோம். எண் இறங்கவில்லை. அவர் முஸ்லிம், நான் கிறிஸ்தவள். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் அப்படி ஒரு ஜெபம் பண்ணியதில்லை.

மூன்றாவது வாரம் வீட்டுக்கு வந்தோம். வரும் முன் காது பரிசோதனை செய்தார்கள். பாஸ். அந்த மாதமே ஸ்தோத்திரக் கூட்டத்தில் நின்று சொன்னேன்: மருத்துவர்கள் கைவிட்டார்கள், கர்த்தர் கைவிடவில்லை என்று. மருத்துவர்கள் கைவிடவே இல்லை. அதைப் பொய் என்று சொல்லத் தைரியம் வர எனக்கு ஐந்து வருடம் ஆகியிருக்கிறது. மூன்று நாள் உபவாசத்தில் பிள்ளையைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தேன் என்றும் சொன்னேன். கிளினிக்கில் வெள்ளிக்கிழமை வரச் சொன்னதைச் சொல்லவில்லை. என் சத்தத்தில் அவன் சாம்பலானதைச் சொல்லவில்லை. கை தட்டல் அவ்வளவு இனிப்பாக இருந்தது.

ஜோயலுக்கு ஒன்றே கால் வயது இருக்கும்போது ஒரு காலை நேரம், லயத்து வாசலில் உதிர்ந்து கிடந்த செம்பனைப் பழங்களைப் பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். சேகர் லோரியை ரிவர்ஸ் எடுத்தார். லோரி கீ கீ என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தது. கண்ணாடியில் பிள்ளையைப் பார்த்துவிட்டு ஹார்னை அழுத்தினார். நிறுத்தி, மறுபடியும் அழுத்தினார். பத்தடி தூரம். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு பழத்தை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். சேகர் இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார். அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

சுத்தமாகக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அத்தனை நாள் ஆக்சிஜன் குறைந்து கிடந்த பிள்ளைகளுக்குச் சில சமயம் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுமாம். முதல் பரிசோதனையில் தெரியாதாம். டாக்டர் சொன்னது உண்மை. நான் கேட்டதும் உண்மை. ஒரு வார்த்தைகூடத் தள்ளாமல் கர்த்தர் எடுத்துக்கொண்டார். காதை மூடும் என்றேன், மூடினார். உயிரை விட்டுவையும் என்றேன், விட்டுவைத்தார். எதுவரைக்கும் மூட வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததையும் எழுதத்தான் வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் எஸ்தர் அக்கா அவன் காதில் எண்ணெய் ஊற்றினார். சீழ் பிடித்தது. வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வந்து, பிள்ளையின் காதில் வாயை வைத்து, “திறக்கட்டும்” என்று கத்தி, காலால் மேடையை ஓங்கி மிதித்தார். பலகை அதிர்ந்ததால் ஜோயல் திரும்பினான். அற்புதம் என்று கை தட்டினீர்கள். அவன் முகமெல்லாம் எச்சில். கூட்டத்தைப் பார்த்து அழுதான். நானும் எழுந்து நின்று கை தட்டினேன். உங்களை மட்டும் சொல்லி என்ன.

பிள்ளை தானாகவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டான். சத்தம் வருகிற எதன்மேலும் உள்ளங்கையை வைப்பான். ஸ்பீக்கர் பெட்டி, லோரி எஞ்சின், என் தொண்டை. சாப்பாட்டுக்கு முன் நான் ஜெபித்தால் என் தொண்டையில் கை வைத்துக்கொள்வான். நான் வேகமாக முடித்தால் தட்டித் தொடரச் சொல்வான். இப்போது சைகை மொழி படிக்கிறோம், மூன்று பேரும். என்னைவிடச் சேகர் நன்றாகப் பேசுகிறார்.

இனி அந்தக் காரணம். போன மாதம் மறுபடியும் உபவாச ஜெபம். வெள்ளிக்கிழமை காலை நம் சபைப் பெண் மலர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நிறைமாதம் தாண்டிய வயிறு.

“இன்னைக்கு அட்மிட் ஆகச் சொன்னாங்கக்கா. ஞாயித்துக்கிழமை முடிச்சிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன்,” என்றாள். “உங்க சாட்சியக் கேட்டதுலேருந்து பயமே இல்லக்கா.”

என் பாதிச் சாட்சி இன்னொரு பிள்ளையைக் கொல்ல உட்கார்ந்திருக்கிறது. பாட்டு ஆரம்பிக்கும் நேரம். எஸ்தர் அக்கா மைக்கை நீட்டினார். நான் வாங்கவில்லை. மலரின் கையைப் பிடித்து எழுப்பினேன். “பிள்ளை கடைசியா எப்ப அசைஞ்சான்?” என்று கேட்டேன். அவள் யோசித்தாள். அவள் யோசித்ததே போதும். சேகருக்கு போன் பண்ணினேன். மில்லில் பழம் இறக்குவதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு லோரியோடு வந்தார். உபவாசத்தின் நடுவில் ஒரு கர்ப்பிணியைப் பழ லோரியில் ஏற்றிக்கொண்டு ஓடினாள் என்று நீங்கள் இன்னும் பேசிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். பேசுங்கள்.

லோரியில் போகும்போது நான் ஜெபித்தேன். வாயைத் திறக்கவில்லை. அளந்து கேட்டேன். இந்தப் பிள்ளை அழ வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டவர் என்பதற்கு என் மகன் சாட்சி. நன்றி சொல்லுகிறேன், அழுதுகொண்டேதான் சொல்லுகிறேன். நீங்களும் அவரிடம் கேளுங்கள். அவர் கேட்கிறாரா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. கேட்கிறார். அதனால் பயந்து, யோசித்துக் கேளுங்கள். வரச் சொன்ன நாளில் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே படுத்துக்கொண்டு கேளுங்கள்.

மலருக்குச் சனிக்கிழமை காலையில் பெண் பிறந்தது. நாங்கள் பார்க்கப் போனபோது வார்டே அதிர அழுதுகொண்டிருந்தது. மலர் பதறித் தட்டிக்கொடுக்கப் போனாள். வேண்டாம், அழட்டும் என்றேன். ஜோயல் கட்டில் ஓரம் ஏறி, குழந்தையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தான். தடவவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடி சும்மா வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, நானும் இப்படி அழுதேனா என்று சைகையில் கேட்டான்.

இல்லை என்று சொன்னேன். அவனிடம் முதன்முதலாக முழு உண்மையைச் சொன்னேன்.